ஸ்டாப் பட்டனில் வைத்த பொட்டு

போன ஆயுத பூஜைக்கு எங்கள் பழைய கம்பெனி மெக்கானிக்குகள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். புது எஸ்கலேட்டர் ஒன்றுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை சாத்தி, படிக்குப் படி குங்குமம் வைத்திருந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆள் வருவதைப் பார்த்துத் தானாக ஓட ஆரம்பிப்பதற்கென்று இப்போது சென்சார் வைக்கிறார்களே, அதன் கண்ணிலேயே ஒரு கட்டிச் சந்தனத்தை அப்பியிருந்தார்கள். படத்துக்குக் கீழே, 'சார், உங்க ஆசீர்வாதம் வேணும்' என்று ஒரு வரி.

நான் ஆசீர்வாதம் செய்யவில்லை. 'முதல்ல அதைத் துடைங்க' என்று எழுதினேன். ஆளாளுக்குக் கும்பிடு போடும் பொம்மைகளை அனுப்பினார்கள். ஒருவர் மட்டும், 'ஏன் சார், நீங்க வேலையில இருந்தப்ப பொட்டு வெச்சதே இல்லையா?' என்று கேட்டார். வைத்திருக்கிறேன். கொஞ்ச நஞ்சமாக இல்லை. அதை வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருக்க என் விரலுக்குப் பொறுமை போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் திருச்சி பாலக்கரைக்காரன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு ஒரு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தேன். பயிற்சி என்று இரண்டு வருடம் சென்னையில் லிஃப்ட் குழிகளுக்குள் இறக்கிவிட்டார்கள். அங்கே நான் கற்றுக்கொண்டது கிரீஸ் எந்தச் சோப்புக்கும் போகாது என்பதைத்தான். பிறகு திருச்சிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து, ரிட்டயர் ஆகும் வரை இங்கேயே இருந்தேன். லிஃப்ட் எனக்குப் பிடிக்காது. பெட்டிக்குள் அடைத்து, கதவைச் சாத்தி, ஏதோ பார்சல் மாதிரி மனிதர்களை மேலே அனுப்புகிற வேலை அது. எஸ்கலேட்டர் அப்படியல்ல. ஊரே பார்க்க ஏறலாம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடை கட்டினார்கள். அதன் முதலாளி சிங்கப்பூர் போயிருந்தபோது ஏதோ ரயில் நிலையத்தில் நீளமான எஸ்கலேட்டர் ஒன்றைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. தரைத் தளத்தில் கால் வைத்தால் மூன்றாவது மாடிப் பட்டுப் பிரிவில் போய்த்தான் இறங்க வேண்டும், நடுவில் எங்கும் நிற்கக் கூடாது என்றார். மாடிக்கு ஒன்றாக மூன்று சின்ன எஸ்கலேட்டர் போடலாமே, செலவும் குறையுமே என்று எங்கள் இன்ஜினியர்கள் படம் வரைந்து காட்டினார்கள். 'ஏங்க, ஜனங்க அண்ணாந்து பார்க்க வேணாமா?' என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிட்டார்.

ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அடியில் நின்றால் அறுபது படிகள் கண்ணுக்குத் தெரியும். ஏறி முடிக்க முக்கால் நிமிஷம் ஆகும். முக்கால் நிமிஷம் ஒன்றுமே செய்யாமல், கையில் வேலையில்லாமல், மேலே போய்க்கொண்டே இருப்பது நம் ஆட்களுக்கு அதுவரை வாய்க்காத சுகம். கடைக்குள் நுழையும்போது சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டி நடுவழியில் பேச்சை மறந்துவிடுவதை நான் தினம் பார்த்திருக்கிறேன். மேலே இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஏறுவதற்கு மட்டும்தான் எஸ்கலேட்டர் என்பதால் படிக்கட்டில் மூச்சிரைக்க இறங்கி வந்து, மறுபடி ஏறுவார்கள். அம்மா மண்டபத்தில் குளியல், ஸ்ரீரங்கத்தில் தரிசனம், மலைக்கோட்டை, அப்புறம் எங்கள் எஸ்கலேட்டர் என்று வெளியூர் வேன்காரர்கள் வரிசை போட்டுவிட்டார்கள். மலைக்கோட்டை ஏறி முட்டி வலியோடு வந்த ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதைக் கழற்றிப் பிள்ளையாருக்குப் போட்டால் என்ன என்று கேட்டார். எனக்கும் அந்த யோசனை இருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நானும் அதற்கு மயங்கியவன்தான். கடை திறப்பதற்கு முன் காலையில் ஓட்டிப் பார்க்கிற சாக்கில் தனியாளாக ஏறுவேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கீழே பளபளக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே போவேன். சம்பளம் குறைவு என்ற எண்ணம் அந்த முக்கால் நிமிஷம் மட்டும் வராது.

கூட்டத்தோடு ஒரு சிக்கலும் வந்தது. புதிதாக ஏறுகிறவர்கள் அடியில் வந்து நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார்கள். முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அப்புறம் வலது காலைத் தூக்குவார்கள். படியோ நிற்காமல் வந்துகொண்டிருக்கும். சரியான படி வரட்டும் என்று தூக்கிய காலோடு காத்திருப்பார்கள். பின்னால் வருகிறவர் வந்து இடிப்பார். கம்பெனி கொடுத்த எச்சரிக்கைப் பலகையில் கைப்பிடியைப் பிடி, குழந்தையைப் பிடி என்றெல்லாம் படம் போட்டிருந்தது. வலது காலைப் பற்றி ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியுமா இதெல்லாம்? அதனால் முகூர்த்த மாதங்களில் ஒரு மெக்கானிக் அடியிலேயே நிற்க வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த மெக்கானிக் நான்.

எனக்கு மேலே வரதராஜன் சார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்காரர். நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு, பழைய ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி வருவார். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். கத்த மாட்டார். அவர் கத்தினால் தேவலை என்று எங்களுக்குத் தோன்றும். ஒரு மெஷின் நின்றுபோனால் பக்கத்தில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, என்ன ஆச்சு என்று கேட்பார். சொல்லுவோம். அரை மணி கழித்து, ஒன்றுமே கேட்காதவர் மாதிரி, என்ன ஆச்சு என்று மறுபடி கேட்பார். சாப்பாட்டுக்கு அப்புறம் மூன்றாவது தடவை. மூன்று பதிலில் எது மாறுகிறதோ அங்கே கை வைப்பார்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. எதை எழுதினாலும் பக்கத்தில் 'தொட்டது', 'பார்த்தது', 'கேட்டது' என்று மூன்றில் ஒன்றைக் குறித்துக்கொள்வார். மோட்டார் சூடாக இருக்கிறது சார் என்றால், தொட்டியா, பார்த்தியா, யாராவது சொல்லிக் கேட்டியா என்பார். கேட்டதை மட்டும் வைத்து அவர் ரிப்போர்ட் எழுதி நான் பார்த்ததில்லை. முப்பது வருடத்தில் அவர் ரிப்போர்ட்டில் ஒரு பொய் கிடையாது. தலைமை ஆபீசில் அவர் கையெழுத்தைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் கோப்பில் போட்டுவிடுவார்கள் என்று சொல்வார்கள்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் கடைக்காரர்கள் பூஜை செய்கிற மெக்கானிக்குக்கு வேட்டி சட்டையும், ஒரு பை நிறையப் பொரி கடலையும் கொடுப்பார்கள். கொள்கை வேறு, பொரி வேறு. வருடா வருடம் சந்தனம் கரைத்துப் பொட்டு வைக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். என் கைக்குப் பொட்டு நன்றாக வரும்.

பூஜை செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தவன் சாமி இல்லை என்கிறவன். வேண்டாம் என்றவர் மூன்று வேளை பெருமாளைச் சேவிக்கிறவர். வரதராஜன் சார் என்னை அழைத்து, "பொட்டெல்லாம் மேல் மூடியிலயும் கீழ் மூடியிலயும் போதும். அசையறது எதுலயும் வேண்டாம், அமுக்கறது எதுலயும் வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். இரண்டு வருடம் கேட்டேன். மூன்றாவது வருடம் கை சும்மா இருக்கவில்லை. எஸ்கலேட்டரை அவசரத்துக்கு நிறுத்தவென்று அடியிலும் உச்சியிலும் ஒவ்வொரு சிவப்புப் பட்டன் உண்டு. உருண்டையாக, பளபளவென்று, மஞ்சள் வளையத்துக்கு நடுவில் இருக்கும். சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தால் அம்மன் முகம் மாதிரியே இருந்தது. கடை மேனேஜர் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பொட்டு அழியாமல் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நானும் பார்த்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த பாவம். மாதச் சோதனைப் பட்டியலில் ஸ்டாப் பட்டனை அமுக்கி, மெஷின் நிற்கிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அமுக்கினால் பொட்டு கலையும். வைத்து ஒரு வாரம்கூட ஆகாத மங்கலப் பொட்டை நானே அழிப்பானேன் என்று அமுக்காமலே டிக் போட்டேன். யார் போட்டது? சாமி இல்லை என்று டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுகிற இந்த மகாராஜன்தான். பட்டியல் வரதராஜன் சாரிடம் போனது. அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் தொடாமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணிக்கே அடியில் நிற்க இடமில்லை. கல்யாணப் பட்டு எடுக்க ஐந்தாறு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் அம்மா, மண்ணச்சநல்லூர்க்காரர். மகன் அங்கே அரிசி ஆலையில் வேலை பார்ப்பதாக மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எஸ்கலேட்டர் பழக்கம். எப்படி ஏற வேண்டும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே ஏறிவிட்டார். பெண்ணின் அம்மாவுக்கு அது முதல் தடவை. அஞ்சலை என்று பெயர். பச்சைமலை அடிவாரத்தில் மரவள்ளிக்கிழங்கு போடுகிற குடும்பம். செருப்பை என் காலடியில் கழற்றி வைத்துவிட்டு, மேலே ஒரு பார்வை பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. வலது காலைத் தூக்கினார், படி போய்விட்டது. மறுபடி தூக்கினார். பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள். தடுமாறி முன்னால் வைத்தது இடது கால்.

நான் ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தேன். இடது கால்தான்.

மேலே போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா திரும்பி, எந்தக் காலை வைத்தீர்கள் சம்பந்தி என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் அந்தக் கேள்வியில் அஞ்சலைக்குச் சிரிப்பு போய்விட்டது.  பதறிப்போய்க் கைப்பிடியை விட்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் சேலை ஓரம் படிக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடுக்கில் போய்விட்டது. எஸ்கலேட்டர் துணியைப் பிடித்தால் விடாது. இழுத்துக்கொண்டே போகும். துணியோடு அவருடைய வெறுங்காலும் இடுக்கை நோக்கிப் போனது. அவர் கத்தினார்.

நான் பட்டனை அமுக்கினேன். உள்ளே போகவில்லை. உள்ளங்கையால் அடித்தேன். போகவில்லை. முஷ்டியால் குத்தினேன். சந்தனம் காய்ந்து பட்டனுக்கும் வளையத்துக்கும் நடுவில் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. என் கையில் குங்குமம் ஒட்டியதுதான் மிச்சம். உச்சியிலும் ஒரு பட்டன் உண்டு, அதிலும் என் கைவண்ணம்தான். படிகள் போய்க்கொண்டே இருந்தன. உச்சியில் படிகள் உள்ளே மறைகிற இடத்தில் இரும்புச் சீப்பு ஒன்று உண்டு. மாட்டிய துணியோடு ஒருவர் அதுவரை போய்விட்டால் அதற்குமேல் நான் எழுத விரும்பவில்லை.

கைப்பிடி ரப்பர் தரையோரத்தில் ஒரு ஓட்டை வழியாக வெளியே வரும். அந்த ஓட்டையில் யார் விரலாவது மாட்டினால் மெஷின் நிற்க வேண்டும் என்று உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். அது எனக்கு நினைவு வந்தது. குனிய நேரமில்லை. மாலை போட்டு, சூடம் காட்டிக் கும்பிட்ட அதே மெஷினின் முகத்தில் செருப்புக் காலால் எட்டி உதைத்தேன். முதல் உதைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது உதைக்கு நின்றது. உச்சிக்குப் பதினெட்டுப் படிகள் பாக்கி இருந்தன.

ரிவர்ஸில் ஓட்டு என்று மேனேஜர் கத்தினார். எல்லோரும் அதைத்தான் கத்துவார்கள். ரிவர்ஸில் ஓட்டினால் மாட்டியது இன்னும் இறுகும். மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டு மேலே ஓடினேன். பக்கத்துத் தகட்டின் திருகுகளைக் கழற்றினால் இடுக்கு விரியும். கால் வெளியே வந்துவிடும். அதற்கு முன்னால் இழுத்துப் பிடித்திருக்கிற துணியை வெட்டியாக வேண்டும். ஜவுளிக்கடையில் கத்திரிக்கோலுக்கா பஞ்சம்? ஆனால் அஞ்சலை துணியை விடவில்லை. இடுப்புவரை சேலை போய்விட்டிருந்தது. கீழே நூறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைப் பெண்கள் ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து சுற்றிப் பிடித்த பிறகுதான் துணியை வெட்ட விட்டார். நான் விரிப்புக்கு வெளியே படுத்தபடி கையை மட்டும் உள்ளே விட்டுத் திருகு கழற்றினேன். வலியில் அவருக்குப் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. ஆனால் அழவில்லை. விரிப்புக்கு உள்ளேயிருந்து என்னிடம் கேட்டார்.

"ஏங்க, கல்யாணம் நின்னுருமாங்க?"

 அம்மா, காலை ஆட்டாதீங்க என்று மட்டும் சொன்னேன்.

புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கால் விரல் இரண்டு முறிந்திருந்தது. வீக்கத்தில் மெட்டியைக் கழற்ற முடியாமல் வெட்டி எடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அது போதும். இடது காலைத்தான் வைத்து ஏறியிருப்பாள், பட்டு எடுக்கிற நாளில் ரத்தம் பார்த்தாயிற்று, மெட்டியையும் வெட்டியாயிற்று, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று வராந்தாவில் புலம்ப ஆரம்பித்துவிட்டார் என்று உடன் போன கடைப் பெண் போனில் சொன்னாள். தன் வீட்டுக்காரர் வயலில் இருப்பதாகவும், அவர் போனை எடுத்ததும் சொல்லி நிறுத்தப்போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அதற்குள் வரதராஜன் சார் வந்துவிட்டார். வழக்கம் போல் கையைக் கட்டிக்கொண்டு, என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன், பட்டனை அமுக்கியும் நிற்கவில்லை என்பதுவரை. பட்டன் அருகே போனார். நகத்தால் வளையத்தின் ஓரத்தைச் சுரண்டினார். விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.  மூன்று தடவை கேட்கும் வரை என்னால் தாங்க முடியாது என்று தெரிந்துவிட்டது. நான் வைத்த பொட்டு சார், மாதச் சோதனையில் அமுக்கிப் பார்க்காமலே டிக் போட்டேன் சார் என்று சொல்லிவிட்டேன். அவர் நோட்டை எடுத்து எழுதினார். சந்தனம், தொட்டது. என் பெயரை எழுதினார். அதன் கீழே தன் பெயரையும் எழுதினார்.

"கையெழுத்து என்னோடது. நானும் அமுக்கிப் பாக்கலை" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு கேமராப் பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லி இரண்டு தடவை பார்த்தார். அஞ்சலை ஏறுகிற இடத்தில் நிறுத்தி, நோட்டில் 'இடது கால், பார்த்தது' என்று எழுதிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேனேஜர் தயங்கித் தயங்கி, ரிப்போர்ட் படிவத்தில் 'பயணியின் கவனக்குறைவு' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் டிக் போட்டுவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்றார். வரதராஜன் சார் அவரைப் பார்த்த பார்வையில் மேனேஜர் காபி சொல்லப் போய்விட்டார்.

அடிபட்ட அம்மா ஏதாவது சொன்னாளா என்று சார் என்னைக் கேட்டார். கல்யாணம் நின்றுவிடுமா என்று கேட்டதைச் சொன்னேன். போனில் வந்த செய்தியையும் சொன்னேன். நோட்டில் எழுதியதை ஒரு தடவை படித்தார். அப்புறம் அதை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "ஸ்கூட்டர்ல ஏறிக்கோ" என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளையின் அம்மா போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். எதிர்முனையில் எடுக்கவில்லை போலிருக்கிறது, மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். நான் முந்திக்கொண்டேன். அம்மா, அவங்க மேல ஒரு தப்பும் இல்லை, நான்தான் பட்டனில் சந்தனம் வைத்தேன், அது காய்ந்துபோய் மெஷின் நிற்கவில்லை என்று விளக்கினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சந்தனம் வைத்தால் கெடுதல் வருமா, சாமி காரியத்தின் மேலா பழி போடுகிறாய் என்று பிடித்துக்கொண்டார். டீக்கடையில் இருபது வருடம் பேசிய பேச்சையெல்லாம் நெஞ்சில் தேக்கிக்கொண்டு, காலுக்கும் மெஷினுக்கும் சம்பந்தமே இல்லைங்க, எந்தக் காலை வைத்தாலும் ஒன்றுதான் என்றேன்.

"அப்ப வச்சது இடது காலுதான், அப்படித்தானே?" என்றார்.

பகுத்தறிவு அந்த இடத்தில் படுத்துவிட்டது.  கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் அஞ்சலை கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாமே கேட்கும். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. ஒரு பொட்டு அழியக் கூடாது என்று பார்த்தவன் ஒரு பெண்ணின் கல்யாணத்தை அழிக்கிறேனே என்றுதான் எனக்குத் தோன்றியது.

மாப்பிள்ளையின் அம்மா என்னை விட்டுவிட்டு வரதராஜன் சார் பக்கம் திரும்பினார். அவர் நெற்றியைப் பார்த்ததும் குரல் இறங்கியது.

"சாமி, நீங்க சொல்லுங்க. நாமம் போட்டிருக்கீங்க, உங்க வாயில பொய் வராது. எந்தக் காலு?"

அவர் அவசரப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டார்.

"வலது கால்தாம்மா. கேமராவுல ரெண்டு தரம் பாத்தேன். வலது காலை வெச்சு ஏறினதாலதான் ரெண்டு விரலோட போச்சு. இல்லேன்னா பெருமாள் இவ்வளவு லேசா விட்டிருப்பாரா?"

அந்த அம்மா யோசித்தார். மெட்டியை வெட்டிவிட்டார்களே என்று மெதுவாகக் கேட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வெட்டினால் தோஷமில்லை, கால் ஆறினதும் புதிதாகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கோ என்றார் சார். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. போன் கையிலேயே அடித்தது. வீட்டுக்காரர்தான். எடுத்து, ஒன்றுமில்லை, சம்பந்தியம்மாவுக்குக் காலில் சின்ன அடி, வலது காலை வைத்து ஏறினதால் தப்பித்தார், பட்டு நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முப்பது வருடமாகத் தன் நெற்றியில் மட்டும் நாமம் போட்டு வந்தவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக இன்னொருவருக்குப் போட்டார்.

எந்தக் காலை வைத்தோம் என்று வைத்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டபோது அஞ்சலை அவர் தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்தார். கும்பிடவில்லை, சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அத்தனை வலியிலும் அழாதவர். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

ஸ்கூட்டர் நிறுத்திய இடத்திலேயே, சீட்டின் மேல் படிவத்தை வைத்து அவர் ரிப்போர்ட் எழுதினார். சந்தனத்தை எழுதினார், என் டிக்கை எழுதினார், தன் கையெழுத்தை எழுதினார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசியில் ஒரு வரி எழுதி என்னிடம் காட்டினார். 'பயணி வலது காலை முதலில் வைத்து ஏறினார்.'

சார், இதை எழுத வேண்டுமா, சொன்னதோடு போகட்டுமே, நோட்டில் வேறு மாதிரி இருக்கிறதே என்றேன்.

"அந்தப் பொம்மனாட்டி என்னிக்காவது ஆபீசுக்கு வந்து ரிப்போர்ட்டைக் காட்டுங்கோன்னா என்ன பண்ணுவே?" என்றார். அப்புறம் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் நோட்டில் பக்கம் கிழிந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். நியாயம்தான். அவருக்கு வர வேண்டியிருந்த பதவி உயர்வு வரவில்லை. அவர் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. நான் திரும்ப வேலையில் சேர்ந்த பிறகு, விளக்கம் கேட்டுத் தலைமை ஆபீசிலிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்தது. ரிப்போர்ட்டில் மற்ற எல்லாம் தெளிவாக இருக்கிறது, ஆனால் பயணி எந்தக் காலை முதலில் வைத்தார் என்பதற்கும் விபத்துக்கும் என்ன சம்பந்தம், அதனால் என்ன பயன் என்று கேட்டிருந்தார்கள். அவர் மறுதபாலில் பதில் அனுப்பினார். கவரில் போட்டு ஒட்டியவன் நான் என்பதால் படித்துவிட்டேன். ஆங்கிலத்தில் ஒரே வரி:

'மேற்படி திருமணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது.'